பத்துச் சதத்து வாங்கு

கந்தப்பளைக் கடைத்தெருவில், பஸ் இராகலைப் பக்கம் திரும்புகிற வளைவில், ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. கூரை தகரம். பக்கச் சுவரில் பாதி, தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து அடித்த பலகை. அந்தப் பலகைகளில் தோட்டத்தின் பெயரும் எடையும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். சில எழுத்துகள் தலைகீழாக இருக்கும். நான் ஆங்கில எழுத்துக் கூட்டப் பழகியது அந்தச் சுவரில்தான். உள்ளே டர்பன்டைன் மரத்தில் அடித்த நீள வாங்குகள் இரண்டு. பெஞ்சை நாங்கள் வாங்கு என்றுதான் சொல்வோம். ஒரு வாங்கில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். ஒன்பது பேர் உட்கார்வார்கள். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர், தை மாதத்துப் பனி. நெருக்கி உட்கார்ந்தால் அதுவும் ஒரு கம்பளிதான்.

1966இல், எட்டு வயதில், அந்த வாங்கின் நுனியில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அப்பா சாமான் வாங்க வந்திருந்தார். பிளேன்டீ பத்துச் சதம். சீனியைக் கோப்பையில் போட மாட்டார்கள், உள்ளங்கையில் வைப்பார்கள். ஒரு நக்கு, ஒரு மிடறு. சீனி தீர்வதற்குள் தேத்தண்ணி தீர வேண்டும். அதில் எல்லாருக்கும் ஒரு கைக்கணக்கு இருந்தது. ஆனால் அங்கே யாரும் தேத்தண்ணிக்காக மட்டும் வந்து உட்காரவில்லை என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. கோப்பை காலியான பிறகும் ஒருவரும் எழும்பவில்லை.

கொழும்பில் அச்சான பேப்பர் இரவு மெயிலில் நானுஓயாவுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, சணல் கயிற்றுக் கட்டாகக் கந்தப்பளையில் இறங்கும். கடைக்கு வீரகேசரி ஒன்று, தினகரன் ஒன்று. கடைக்காரர் கயிற்றை அவிழ்த்ததும் முதல் வேலையாகப் பேப்பரைத் தாள் தாளாகப் பிரிப்பார். ஒரே பேப்பரை ஒரே நேரத்தில் நாலைந்து பேர் படிக்க அதுதான் வழி. பிறகு அந்தக் கடை முழுவதும் ஒரே கேள்விதான்: "நாலாம் பக்கம் யாருகிட்ட?" தாள்கள் சுற்றிச் சுற்றி வரும். மத்தியானத்துக்குள் எல்லாப் பக்கங்களிலும் கோப்பையின் அடிவட்டம் பழுப்பாகப் பதிந்திருக்கும்.

எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தையற்காரர் இருந்தார். கடைத் திண்ணையில் அவருடைய மிஷின். கிழமை நாளில் தைப்பார். ஞாயிற்றுக்கிழமை பாதி நேரம் வாசிப்பார். மிஷின் சத்தம் நின்றால் செய்தி வரப்போகிறது என்று அர்த்தம். வாங்கில் இருப்பவர்கள் உடனே பேச்சை நிறுத்துவார்கள். ஒவ்வொரு செய்தியையும் முதலில் அச்சில் உள்ளபடி வாசிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் பேச்சில் அதைத் திருப்பிச் சொல்வார். பிறகுதான் வாதம் தொடங்கும். வியட்நாம் யுத்தம், சென்னையில் அண்ணாதுரை ஆட்சிக்கு வந்தது, தோட்டத்துச் சம்பளம், பஞ்சப்படி எல்லாம் அந்த வரிசையில்லாத வரிசையில் வரும். கொங்கோடியாத் தோட்டத்துக் கவ்வாத்துக்காரர் ஒருவர் வியட்நாமைப் பற்றிப் பேசியது போல் இன்றுவரை யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் இலங்கையின் கடலைக்கூடப் பார்த்தவரல்ல.

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், அந்த வாங்கில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாடும் கிடையாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் இதே நுவரெலியாத் தொகுதி தொண்டமானையும், தலவாக்கலைத் தொகுதி சி.வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் எங்கள் மலையிலிருந்து தேர்தலில் வென்று எங்கள் ஆள் யாரும் போகவில்லை. 1977இல்தான் திரும்பவும் ஒருவர் போனார். இடைப்பட்ட காலத்தில், வாக்குச் சீட்டைத் தொட்டே பார்க்காத மனிதர்கள் உலக அரசியலைப் பத்துச் சதத்துக்கு அலசிக்கொண்டிருந்தார்கள். எவர் சொன்னாலும் அதில் ஒரு தீர்மானத்தையும் மாற்றும் சக்தி அவர்களுக்கு இருக்கவில்லை. அப்படியிருந்தும் ஒருவரும் வாயை மூடவில்லை.

அவர்களுக்கு வேறு இடமும் இல்லை. தோட்டத்தில் ஒவ்வோர் அங்குலமும் கம்பெனிக்குச் சொந்தம். நாங்கள் குடியிருந்த லயக் காம்பரா துரையுடையது, லயத்து வாசல் துரையுடையது, கோயில் இருக்கும் நிலமும் துரையுடையது. வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து வந்து முதன்முதலில் தோட்டத்துக்குள் நுழைந்தபோது புடவை வியாபாரியாகத்தான் நுழைய முடிந்தது. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாகப் போய் சனத்தின் கஷ்டத்தைக் கேட்டார். பிறகு 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடிச் சனத்தைத் திரட்டினார். தோட்டத்துக்குள் மூட்டையோடு போகலாம், பேச்சோடு போக முடியாது என்ற காலம் அது.

ஆனால் ரோட்டு அரசாங்கத்துடையது. ரோட்டோரக் கடையும் துரையின் கைக்கு எட்டாதது. தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டி ஐந்தாறு கட்டை நடந்து வந்து அந்த வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு தொழிலாளி தன் வாயைத் தன் இஷ்டத்துக்குத் திறக்க முடிந்தது. சங்கத்துக்காரர் ஹட்டனிலிருந்து வந்தால் அங்கேதான் உட்கார்வார். திராவிட முன்னேற்றக் கழகத்துப் பேச்சு மலைக்குள் ஏறியதும் இப்படிப்பட்ட கடைகள், சலூன்கள் வழியாகத்தான். இளஞ்செழியன் வளர்த்த இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்துத் துண்டுப் பிரசுரங்கள் எங்கள் கடைச் சீனி டின்னுக்குப் பின்னால் இருந்ததாக அப்பா சொல்வார். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தன்னுடைய சலூனிலிருந்துதான் 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். முடி வெட்டுகிற இடத்திலும் தேத்தண்ணி ஆற்றுகிற இடத்திலும் இலக்கியம் வளர்ந்ததை நம் சரித்திரக்காரர்கள் இன்னும் தாராளமாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

லண்டனிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அங்கே முதல் கோப்பிக் கடையை 1652இல் திறந்தவர் பாஸ்குவா ரோசே. ஒரு வியாபாரியிடம் வேலைக்காரராக இருந்தவர். ஒரு பென்னி கொடுத்தால் ஒரு கோப்பை கோப்பி, அத்துடன் பேப்பர், அத்துடன் பேச்சு. அதனால் அந்தக் கடைகளுக்குப் பென்னிப் பல்கலைக்கழகம் என்றே பெயர் வந்தது. எட்வர்ட் லாய்ட் என்பவருடைய கோப்பிக் கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசியதிலிருந்துதான் லாய்ட்ஸ் காப்புறுதிச் சந்தையே பிறந்தது. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்ல்ஸ் ராஜா கோப்பிக் கடைகளையெல்லாம் மூடச் சொல்லிப் பிரகடனம் போட்டார். சனங்கள் அங்கே உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. எதிர்ப்புத் தாங்காமல் சில நாட்களிலேயே அதை வாபஸ் வாங்கினார். இதை நான் வெகு காலம் கழித்துப் புத்தகத்தில் படித்தபோது, எங்கள் தையற்காரர் உயிரோடிருந்து இதைக் கேட்டிருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதை வைத்தே அவர் ஓட்டியிருப்பார்.

கோப்பியைப் பற்றி எங்கள் வீட்டில் வேறு ஒரு கதை உண்டு. தாத்தா சுக்குத் தட்டிப் போட்ட மல்லிக் கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டே சொல்வார்: "நம்மள இங்க கொண்டாந்தது தேயில இல்லடா. கோப்பி."

உண்மைதான். 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத்தான் எங்கள் முன்னோர் வந்தார்கள். இராமநாதபுரத்துக் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியெங்கும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தாத்தாவின் பாட்டன் நடந்து வந்து சேர்ந்தது மாத்தளைக் கோப்பிக் காட்டுக்கு. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பி இலையில் ஆரஞ்சு நிறத்தில் தூள் படிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயர். துரைமார் தங்களுக்குள் 'நாசக்கார எமிலி' என்றார்கள். இருபது ஆண்டுக்குள் கோப்பி ஒழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்கிற துரை 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. கோப்பிக்கு ஒத்துவராத குளிர் உச்சிகளிலும் காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். அப்படித்தான் எங்கள் குடும்பம் கந்தப்பளைக்கு ஏறியது.

ஆக, லண்டன்காரன் கோப்பிக் கடையில் உட்கார்ந்து உலகத்தை யோசித்தான். அந்தக் கோப்பையில் பின்னாளில் ஊற்றிய கோப்பிக்காக எங்கள் சனம் காட்டில் செத்தது. அதே சனத்தின் பேரப்பிள்ளைகள் தாங்கள் பறித்த கொழுந்தின் தூளை, ஏற்றுமதிக்குப் போனது போக மிஞ்சிய தூளை, வெந்நீரில் கரைத்துக் குடித்துக்கொண்டு உலகத்தை யோசிக்க உட்கார்ந்தார்கள். உட்கார ஒரு வாங்கு கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அந்தக் கடையைக் கோயிலாக்கிப் பேசவும் எனக்கு மனமில்லை. வாங்கில் உட்காராமல் வெளியே நின்று குடித்தவர்கள் இருந்தார்கள். தோட்டத்து வாசக்கூட்டி, பிளேன்டீயை வாங்கிக்கொண்டு திண்ணைக்குக் கீழே குந்தியிருப்பார். தையற்காரர் வாசிப்பதை அவரும்தான் கேட்டார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை, வாங்கில் உட்காரச் சொன்னதுமில்லை. சென்னையில் 1957இலேயே திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' போர்டை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தினார். அந்தச் செய்தியும் இந்த வாங்கில் வாசிக்கப்பட்டு, எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். திண்ணைக்குக் கீழே இருந்தவரை அப்போதும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இது இப்போதும் உறுத்துகிறது.

பெண்கள் வரவே இல்லை. கடைக்கு வருவார்கள், மண்ணெண்ணெய், கருவாடு, வெங்காயம் வாங்கிக்கொண்டு போவார்கள். வாங்கில் உட்கார்ந்த ஒரு பெண்ணை நான் கண்டதில்லை. லண்டனிலும் கோப்பிக் கடை ஆண்களுடையதாகத்தான் இருந்தது. 1674இல் பெண்கள் பெயரில் கோப்பியை எதிர்த்து ஒரு மனுவே அச்சாகி வந்தது. எங்கள் லயத்தில் மனு இல்லை. அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே, "இன்னிக்கிப் பேப்பர்ல என்னாங்க?" என்று கேட்பார். அப்பா கேட்டதையெல்லாம் சொல்வார். அம்மா குறுக்கே கேட்கிற கேள்விகள் வாங்கில் யாரும் கேட்காதவை. இந்தச் செய்தியில் பொம்பளைங்க எங்கே என்பது போல இருக்கும். அப்பா பதில் தெரியாமல் தேத்தண்ணி கேட்பார்.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர். அதில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பிரதமர்கள் எங்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த ஒன்றரை லட்சத்தையும் 1974இல் இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டன. அந்த ஆண்டுகளில் எங்கள் கடை ஒரு கந்தோராகவே மாறிவிட்டது. மனுக் கடதாசி எழுத வந்தவர்கள், எழுதியதைச் சரிபார்க்க வந்தவர்கள், பிறப்புப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். தையற்காரர் தைப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்.

ஒரு ராத்திரி அம்மா கேட்டார். அடுப்பு வெளிச்சத்தில் அவர் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. "மனுவுல ஒங்க பேருதான மொதல்ல இருக்கு. நா எந்த நாட்டுக்காரின்னு என்னய யாரும் கேட்டாங்களா?"

அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியை அப்படியே வாங்குக்குக் கொண்டுபோனார். நானும் கூட இருந்தேன். மிஷின் நின்றது. தையற்காரர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் பேச்சில் எதையும் திருப்பிச் சொல்லக்கூடியவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது பேர் இருந்த வாங்கில் சீனி நக்குகிற சத்தம்கூட இல்லை. "நாம இத யோசிக்கவே இல்லயேப்பா" என்று கடைசியில் அவர் சொன்னார். அதற்குமேல் அன்று வாசிப்பு நடக்கவில்லை.

எழுபதுகள் வந்தன. இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதம், கல்கி, ஆனந்த விகடன் எல்லாவற்றுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. முதலில் தவித்தோம். பிறகு அந்த வெற்றிடத்தில் நம்முடைய எழுத்து ஏறி உட்கார்ந்தது. வீரகேசரி மலிவு விலையில் நாவல்களாக வெளியிடத் தொடங்கியது. 1974இல் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' வந்தது. அதற்கு முன்பே வீரகேசரியின் மலையகச் சிறுகதைப் போட்டிகளில் வென்ற கதைகளைச் சேர்த்து 'கதைக் கனிகள்' வந்திருந்தது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையைத் தையற்காரர் உரக்க வாசித்தபோது அப்பா எழும்பி வெளியே போனார். கொழுந்துக் கூடையைப் பற்றி, நிறுவையைப் பற்றி, ஒரு கதை எழுதலாம் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. நாங்கள் வாழ்கிற வாழ்க்கை எழுதத்தக்கது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கடைதான். பள்ளிக்கூடத்தில் அது கிடைக்கவில்லை.

73, 74 பஞ்சத்தில் கடையில் சீனி இல்லை, மா இல்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. தோட்டத்தில் பசியால் செத்தவர்களின் பெயர்கள் அந்த வாங்கில் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன என்பது மட்டும் ஞாபகம். பேப்பரில் வராத பெயர்கள்.

தையற்காரருக்கு இந்தியா கிடைத்தது. அவர் கேட்டது அதுவல்ல. பாஸ்போட்டு வந்த பிறகு ஒரு மாதம் கடைத்தெருவில் எல்லாருக்கும் கடனுக்குத் தைத்துக் கொடுத்தார். திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நானுஓயா ஸ்டேஷனுக்கு நாங்கள் போனோம். தலைமன்னாருக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு போன அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மலையெல்லாம் அந்தப் பெயர்தான். தையற்காரர் மிஷினைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அப்பாவிடம், "பேப்பர் வந்தா தாளப் பிரிச்சி வைக்கச் சொல்லு" என்றார்.

பதினைந்து வருஷம் கழித்து நான் கோத்தகிரிக்குப் போனேன். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்திய தேயிலைத் தோட்டங்களில் அவருடைய மகனுக்கு வேலை. டேன்டீ என்பார்கள் அங்கே. அதே மலை, அதே செடி, அதே லயம். "சிலோன்காரங்க" என்று அக்கம்பக்கத்தில் பெயர். மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். அங்கே சிலோனிலிருந்து போன ஒருவர் கடை வைத்திருந்தார். ஒரு வாங்கு. அதில் நாலைந்து கிழவர்கள். நடுவில் தினத்தந்தி, தாள் தாளாக. ஊரே கோப்பி குடிக்கிற தேசத்தில் அவர்கள் உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரர் எனக்கும் சொன்னார். என் உள்ளங்கையில் சீனி விழுந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கந்தப்பளையில் அப்போதே அந்தப் பழக்கம் போய்விட்டிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது கந்தப்பளைக்கு வருகிறவர்கள் பார்ப்பது வேறு ஊர். கரட்டும் லீக்ஸும் ஏற்றுகிற லொறிகள், கைபேசிக் கடைகள், பிள்ளைகள் டியூசனுக்குப் போகிற வேன்கள். இதில் எதையும் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பிள்ளைகள் இன்று ஆசிரியர்கள், தாதிமார், கொழும்பில் கணக்காளர்கள். 1988லும் 2003லும் வந்த சட்டங்களுக்குப் பிறகு நாடற்றவர் என்ற சொல்லே அவர்களுக்குச் சரித்திரப் பாடம். எல்லாருக்கும் வாக்கு இருக்கிறது. அப்பா கனவில்கூட நினைக்காதது இது.

ஊருக்கு மேலே, ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலை ரோதை, அதாவது தொழிற்சாலை, 1996 முதல் ஹோட்டல். இயந்திரங்களைக் கழற்றி எறியாமல், கட்டடத்தின் உருவைக் கெடுக்காமல் அதை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயில் 1940களோடு நின்றுபோனது. அந்தப் பாதையின் ஞாபகமாக ஒரு பழைய பெட்டியும் அங்கே சாப்பாட்டு அறையாக நிற்கிறது. மகனோடு ஒருமுறை போனேன். கொழுந்து வாடப்போட்ட மாடியில் இன்று விருந்தாளிகள் தூங்குகிறார்கள். தேத்தண்ணி பீங்கான் கோப்பையில் வந்தது. நல்ல தேத்தண்ணி, நாற்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மா ஒருநாளும் குடித்துப் பார்க்காத தரம். கட்டடம் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு ரோதைக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு ஒரு தேத்தண்ணிக் கடைக்கும் கிடைத்திருக்கலாம்.

வளைவில் இருந்த கடை இடிக்கப்பட்டு மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. கீழே இப்போதும் தேத்தண்ணி உண்டு. பிளாஸ்டிக் கதிரைகள் எல்லாம் சுவரில் இருக்கும் டீவியைப் பார்த்தபடி வரிசையாக இருக்கின்றன. எதிரும் புதிருமாக யாரும் உட்கார முடியாது. கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கடைப் பையன் வந்து, "தாத்தா, வழி மறைக்குது" என்று மரியாதையாகவே சொன்னான். தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021இல் வந்ததும், 2024இல் அது ஆயிரத்து முந்நூற்றைம்பதானதும் அந்த டீவியில் ஓடின. பார்த்தவர்கள் பார்த்தார்கள். அவரவர் அபிப்பிராயத்தை அவரவர் கைபேசியில் எழுதியிருப்பார்கள். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. வாக்கில்லாத காலத்தில் இருந்த பேச்சு, வாக்கு வந்த காலத்தில் எங்கே போனது என்ற கேள்வியோடுதான் நான் சில வருஷம் அலைந்தேன். பிள்ளைகளைக் குற்றம் சொல்லவில்லை. தோட்டமும் டவுனும் இவ்வளவு மாறிய பிறகும், காசு கொடுக்காமல், யாருடைய அனுமதியும் கேட்காமல், முகத்துக்கு முகம் பார்த்து ஒரு மணி நேரம் உட்காருகிற இடம் ஒன்றை நாம் அவர்களுக்குக் கட்டிக்கொடுக்கவில்லை.

2023இல் எங்கள் வருகையின் 200 ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் சனம் நடந்தது. முன்னோர் நடந்த அதே பக்கமாக, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரைக்கும். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அக்கா மகள் போனாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. திரும்பி வந்தவள் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, "மாமா, வழியெல்லாம் பேசிக்கிட்டே போனோம். அந்தப் பேச்சு நின்னுடக் கூடாது" என்றாள்.

அடுத்த மாதமே தொடங்கிவிட்டாள். தோட்டத்தில் பழைய பிள்ளைக் காம்பரா ஒன்று சும்மா கிடந்தது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். நானும் அங்கே அழுது வளர்ந்தவன்தான். அதைக் கூட்டிக் கழுவிப் பாய் விரித்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. நூலகம் இணையத்தளத்தில் நம் ஆட்களின் பழைய புத்தகங்கள் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். சாரல்நாடன் எழுதிய நடேசய்யர் சரித்திரத்தை அதிலிருந்து எடுத்து, நுவரெலியாவில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

போன மாதம் நானும் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தேன். வந்திருந்த பதினாறு பேரில் பன்னிரண்டு பேர் பெண்கள். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்தவர்கள் இருவர், இடுப்பில் படங்குச் சாக்கு இன்னும் ஈரமாக. ஒருத்தி வீட்டிலிருந்து மல்லிக் கோப்பி போட்டுப் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தாள். வாசக்கூட்டியின் பேத்தி நடுவில் உட்கார்ந்து உரக்க வாசித்தாள், நல்ல குரல். புத்தகம் ஒன்றுதான் இருந்தது. அக்கா மகள் கட்டை அவிழ்த்துத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள். அந்த முறையை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஞாபகம் இல்லை.

மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்த பகுதி வந்தபோது, கடைசி வரிசையில் ஒரு கிழவி தாளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவர் என்று பிறகு சொன்னார்கள். விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல். வாசிப்பு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது, "அந்தத் தாளு யாருகிட்ட?" என்று முன்னாலிருந்து கேட்டார்கள்.

"இருங்கடி" என்றார் கிழவி, தலையை நிமிர்த்தாமல். "நா இன்னும் முடிக்கல."